வெந்தயப் பொட்டலத்தில் வந்த ராட்சதப் பல்லி

எங்கள் அப்பா பல்லியைக் கேட்காமல் பண்டாரவளைக்குக்கூடப் போகமாட்டார். வண்டி பூட்டியாகிவிடும், மாடு இரண்டும் வாலைச் சுழற்றிக்கொண்டு தெருவில் நிற்கும், வண்டிக்காரர் இரண்டாவது வெற்றிலையும் போட்டு முடித்திருப்பார். இவர் மட்டும் கடைக்குள் பலகைச் சுவரில் காதை ஒட்டிக்கொண்டு நிற்பார். உள்ளேயிருந்து 'ச்சு ச்சு ச்சு' என்று சத்தம் வரவேண்டும். வந்ததும் விரல் முட்டியால் பலகையில் மூன்று தட்டுத் தட்டுவார். ஆணியில் தொங்கும் பஞ்சாங்கத்தை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் பிரிப்பார். இன்ன கிழமையில் இன்ன திசையிலிருந்து பல்லி சொன்னால் இன்ன பலன் என்று அங்கே கட்டம் கட்டிப் போட்டிருக்கும். அதைப் பார்த்த பிறகுதான் செருப்பைத் தேடுவார்.

அது பதுளைக்கு ரயில் வராத காலம். பண்டாரவளையில் இறங்கும் சரக்கு மாட்டு வண்டியில்தான் எங்கள் பதுளைக் கடைவீதிக்கு வந்து சேரும். எங்களுடையது மளிகைக் கடை. முன்னால் கடை, பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் இருட்டுச் சரக்கறை, அதற்கும் பின்னால் நாங்கள் குடியிருந்த வீடு. அப்பாவின் பல்லிக்கு ஜாகை சரக்கறையில். அதை நேரில் பார்த்தவர் யாருமில்லை, குரல் மட்டும்தான். மற்றவர் வீட்டுப் பல்லியெல்லாம் கண்ட நேரத்தில் கத்தும், நம்முடையது காரியம் இருந்தால்தான் வாயைத் திறக்கும் என்று அப்பாவுக்கு ஏகப்பட்ட பெருமை.

எனக்கு அப்போது பதினெட்டு வயது. வயதுக்கு வந்த பெண் கடைப்பக்கம் தலைகாட்டக் கூடாது. மிஷன் பள்ளிக்கூடத்தில் கொஞ்சம் இங்கிலீஷ் படித்துவிட்டு, அதை வைத்து என்ன செய்வதென்று தெரியாமல், சரக்கறை வாசலில் உட்கார்ந்து பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தேன். தேயிலைத் தோட்டத்துப் பங்களாக்களில் துரைமார் படித்துத் தள்ளிய சீமைப் பத்திரிகைகள் மூட்டை மூட்டையாக எங்களிடம் வரும். ராஜா ராணி படத்தில் மிளகு போவதும், குதிரைப் பந்தயத்தில் கொத்தமல்லி போவதும், துரைசானிமார் தொப்பியில் பெருங்காயம் போவதும் என் கைக்காரியம். இங்கிலீஷில் எனக்குப் பாதி புரியும், பாதி புரியாது. புரிந்த பாதியை மடிக்காமல் கொஞ்ச நேரம் வைத்திருந்து படிப்பேன். அம்மா அரிசி புடைத்தபடி பார்ப்பாள், ஒன்றும் சொல்லமாட்டாள்.

கொஸ்லந்தைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கணக்கெழுதும் கிளாக்கர் ஒருவர் இருந்தார். மாதம் ஒருமுறை தோட்டத்து வேலையாகப் பதுளைக் கச்சேரிக்கு, அதுதான் அரசாங்க ஆபீசுக்கு, வருவார். வந்தால் எங்கள் கடையில்தான் சாமான் வாங்குவார். எங்கள் ஆட்கள்தான், அவருடைய தகப்பன் வழியும் எங்கள் வழியும் இராமநாதபுரம் பக்கத்தில் அடுத்தடுத்த ஊர். ஆனாலும் அதுவரை அவரை யாரும் பெரிதாகக் கவனித்ததில்லை. ஒருநாள் சைக்கிள் கண்ணாடியை... இல்லை, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே அப்பாவிடம் அவர் கேட்ட கேள்வியில்தான் நான் பொட்டலத்தை விட்டுவிட்டுக் கதவிடுக்கில் கண்ணை வைத்தேன். வயதாகிவிட்டதல்லவா, அவருடைய கண்ணாடியையும் பின்னாளில் வாங்கிய சைக்கிளையும் சேர்த்தே நினைப்பு வருகிறது.

"மொதலாளி, போன மாசம் வாங்குன வெந்தயத்துக்கு அடுத்த பக்கம் இருக்குதுங்களா?"

அப்பா ஆளை மேலும் கீழும் பார்த்தார். "வெந்தயத்துக்கு ஏது தம்பி பக்கம்?"

கிளாக்கர் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்துப் பிரித்தார். நான் மடித்த தாள். அதில் ஒரு பல்லி இரண்டு காலில் எழுந்து நின்றது. அளவு தெரியட்டும் என்று பக்கத்தில் தொப்பி போட்ட ஒரு துரையை வரைந்திருந்தார்கள். துரை அதன் முழங்கால் உயரம்தான் இருந்தார். அமெரிக்காவில் மண்ணுக்குள் இதன் எலும்பு கிடைத்ததாம், மனுஷர் பிறப்பதற்கு எத்தனையோ காலம் முன்பு இந்தப் பிராணிகள்தான் உலகத்தை ஆண்டனவாம், டைனோசர் என்று பேராம், பயங்கரப் பல்லி என்று அதற்கு அர்த்தமாம். கிளாக்கர் ஒவ்வொன்றாகச் சொன்னார். கடைசி வரியில் பத்திரிகைக்காரன் ஒரு கேள்வி கேட்டிருந்தான். இவ்வளவு நெடுங்காலம் வாழ்ந்த கூட்டத்தில், நம்மைப் போல யோசிக்கத் தெரிந்த பிராணி ஒன்றாவது தோன்றியிருக்க முடியுமா? அதோடு பக்கம் முடிந்துவிட்டது.

"பதில் அடுத்த பக்கத்துல இருக்குங்க மொதலாளி. ஒரு மாசமா தூக்கமில்ல எனக்கு."

அந்த அடுத்த பக்கத்தில் நான் எதை மடித்தேன், எந்தத் தோட்டத்து லயத்து வீட்டுக்கு அது போய்ச் சேர்ந்தது, எந்த அடுப்பில் எரிந்தது என்று முருகனுக்குத்தான் வெளிச்சம். அப்பாவுக்கோ பதிலுக்குப் பத்திரிகையே தேவைப்படவில்லை. பல்லி என்ற சொல் காதில் விழுந்ததுமே அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"இதுல கேக்குறதுக்கு என்ன தம்பி இருக்கு? இத்துனூண்டு பல்லிக்கே நாளு, கெழமை, தெசை எல்லாம் தெரியுது. இம்மாம் பெரிய பல்லிக்கு எவ்வளவு தெரிஞ்சிருக்கும்!"

அன்றைக்கு ஆரம்பித்த வழக்கு மாதா மாதம் நடந்தது. வெலிமடையிலிருந்து காய்கறி கொண்டுவருகிறவர்கள்கூடக் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டுவிட்டுப் போவார்கள். அறிவு இருந்திருந்தால் சட்டி பானை ஏதாவது மண்ணுக்குள் கிடைத்திருக்க வேண்டுமே என்பார் கிளாக்கர். அறிவுள்ளவன் வீடு மாறும்போது சட்டி பானையை விட்டுவிட்டா போவான் என்பார் அப்பா. உடம்பு பெரிதாக இருந்தால் அறிவும் பெரிதாக இருக்கவேண்டும் என்பதில்லை என்பார் கிளாக்கர். அது உங்க தோட்டத்துப் பெரிய உடம்புக் கங்காணியைப் பார்த்தாலே தெரியுமே என்று அப்பா ஒத்துக்கொள்வார், பிறகு ஒத்துக்கொண்டது பிடிக்காமல் பேச்சை மாற்றுவார். நெடுங்காலம் இருந்தால் மட்டும் புத்தி வந்துவிடாது, புத்தி இல்லாமல் முடியாது என்று ஒரு நெருக்கடி வந்தால்தான் வரும் என்று கிளாக்கர் ஒருமுறை சொன்னார். அதற்கு அப்பா பஞ்சாங்கத்தை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் பார்த்தார். அதற்கு அங்கே கட்டம் இல்லை.

நான் ராத்தல் கணக்கில் எடைக்கு வந்த பழைய பத்திரிகைகளையெல்லாம் கொட்டிக் கிளறினேன். ராட்சதப் பல்லி இருக்கும் தாளெல்லாம் கிளாக்கருக்கென்று தனியாக எடுத்து, மஞ்சளுக்கு முதல் பக்கம், சீரகத்துக்கு இரண்டாம் பக்கம் என்று வரிசையாக மடித்து அனுப்பினேன். அடுத்த மாதம் அவர் அப்பாவிடம், "பொட்டலம் மடிக்கிறது யாருங்க? படிச்சவங்க மடிச்ச மாதிரி இருக்கு" என்றார். "வீட்டுல பொண்ணுதான்" என்று அப்பா அலட்சியமாகச் சொன்னார். எனக்குக் காது மடல் வரைக்கும் சூடேறியது. அதுவரை ஒருவரும் என்னைப் படித்தவள் என்று சொன்னதில்லை. கூடக் கொஞ்சம் ஏலக்காயை அள்ளி அவர் பொட்டலத்தில் போட்டேன், வேறென்ன செய்ய?

அதற்கடுத்த மாதம், "இந்தத் தாளுக்கு மீதி இருந்தா தேடிக் குடுக்கச் சொல்லுங்க" என்று ஒரு தாளை அப்பாவிடம் கொடுத்தார். அப்பா அதைப் பார்க்காமலே கதவிடுக்கு வழியாக உள்ளே நீட்டினார். இரண்டு காலில் நிற்கும் பல்லியின் சின்ன முன்னங்கைகளைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டிருந்தது. ஓரத்தில் தமிழில் எழுதியிருந்தது: 'நடப்பதற்கு இந்தக் கை தேவையில்லை. சும்மா இருக்கும் கையை வைத்துக்கொண்டு இது என்ன செய்திருக்கும்?'

அடுத்த பொட்டலத்தின் உள்பக்கத்தில் நான் பதில் எழுதினேன்: 'பொட்டலம் மடித்திருக்கும்.'

அவ்வளவுதான். அதற்கு அடுத்த மாதம் கிளாக்கர் தனியாக வரவில்லை. வெற்றிலை பாக்குத் தட்டோடு தன் தாய்மாமனையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

அப்பாவுக்கு உள்ளூர மகிழ்ச்சிதான். ஆனால் ஏற்கெனவே ஊரிலிருந்து ஒரு சம்பந்தம் வந்து காத்திருந்தது. அப்பாவின் அத்தை மகன், அரிசி மண்டி வைத்திருப்பவர், முதல் சம்சாரம் தவறிவிட்டது, என்னைவிட ஒரு வயது குறைந்த மகன் இருக்கிறான். ரயிலேறித் தலைமன்னாரில் கப்பலேறி அக்கரைக்குப் போய்விட்டால் அதற்குப் பிறகு நானாவது, பதுளையாவது, பத்திரிகையாவது. இதைச் சொல்லி அழ நான் யாரிடம் போவேன்? பெண்ணிடம் கேட்கிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. கேட்பதெல்லாம் பல்லியிடம்தான்.

பேச்சு நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கிளாக்கருக்குத்தான் அன்றைக்கு நாக்கில் சனி. அப்பா வழக்கம்போலப் பல்லிப் பெருமையை எடுக்க, இவர் புதிதாக எங்கேயோ படித்ததைச் சொல்லாமல் இருக்க முடியாமல் தவித்துச் சொல்லிவிட்டார்.

"அவ்வளவு பெரிய ஒடம்புக்கே பாக்களவு மூளைதான்னு போட்டிருக்கான் மொதலாளி. ஒங்க வீட்டுப் பல்லிக்குக் கடுகளவு இருந்தாலே பெருசு."

நான் கதவுக்குப் பின்னால் தலையில் அடித்துக்கொண்டேன். பாழாய்ப்போன மனுஷா, பெண் கேட்க வந்த இடத்திலா பல்லியின் மூளையை நிறுப்பாய்!

"கடுகா?" என்றார் அப்பா. குரல் தாழ்ந்துவிட்டது. அவருக்குக் கோபம் வந்தால் குரல் தாழும். "இந்தக் கடை, இந்த வீடு, எல்லாம் அது பேச்சைக் கேட்டு வந்தது. அதைக் கடுகுங்கிறீங்க."

தாய்மாமன் பதறிப்போய், "பையன் வெவரம் தெரியாம பேசிட்டான், மனசுல வச்சுக்காதீங்க" என்று கையைப் பிடித்தார். அப்பா கையை உருவிக்கொண்டார்.

"நீங்களும் பேச வேணாம், நானும் பேச வேணாம். வர்ற வெள்ளிக்கெழமை பத்து மணிக்கு வாங்க. பல்லி பேசட்டும். பதினோரு மணிக்குள்ள நல்ல தெசையில சொல்லுச்சுன்னா பொண்ணு ஒங்களுக்கு. சொல்லலேன்னா ஊருக்குத் தந்தி அடிச்சிருவேன்."

அவர்கள் போனதும் பஞ்சாங்கத்தைத் திருட்டுத்தனமாக எடுத்துப் பார்த்தேன். வெள்ளிக்கிழமைக்கு வடக்கு சுபம். தெற்கு கலகம். சரக்கறையில் வடக்கு மூலையில் கருவாட்டுச் சிப்பங்கள் அடுக்கியிருந்தன. சரி, அங்கே போய் ஒளிந்து நானே பல்லியாகிவிடுவது என்று தீர்மானம் செய்தேன். எனக்குப் பாவம் புண்ணியம் எல்லாம் தெரியும். அரிசி மண்டியும் தெரியும்.

மூன்று நாள் பழகினேன். நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி இழுக்க வேண்டும். முதலில் முத்தம் கொடுக்கிற மாதிரி வந்தது, பிறகு கோழியைக் கூப்பிடுகிற மாதிரி வந்தது. புதன்கிழமை கொஞ்சம் உருப்படியாக வந்தபோது கடையில் 'டொக் டொக் டொக்' என்று தட்டும் சத்தம் கேட்டது. அப்பா பண்டாரவளைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார் போலிருக்கிறது. பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டு வண்டியை அவிழ்க்கச் சொன்னார். வியாழக்கிழமை மறுபடி பூட்டினார்கள். எனக்கு அது தெரியாது, பழகினேன். மறுபடி அவிழ்த்தார்கள். அன்றைக்கே மத்தியானம் மூன்றாம் தடவையும் அப்படியே. "மொதலாளி, மாட்டுக்கும் மானம் ரோசம் இருக்குதுங்க" என்று வண்டிக்காரர் சொன்னது எனக்குக் கேட்டது. "என்னடி சத்தம்?" என்று அம்மா அடுப்படியிலிருந்து கேட்டாள். பல்லில் பாக்குச் சிக்கிக்கொண்டது என்றேன். எனக்குப் பாக்குப் போடும் பழக்கமே இல்லை. அம்மா அதற்குமேல் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. கிளாக்கரும் தாய்மாமனும் பத்து மணிக்கே வந்து பலகைச் சுவருக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்கள். அப்பா குளித்து விபூதி பூசி, கோயிலில் நிற்பது போலக் கைகட்டி நின்றார். கதவிடுக்கில் பார்த்தேன். கிளாக்கர் முகத்தில் ரத்தமே இல்லை. கடுகளவு மூளைக்குத் தன் ஆயுசு முழுவதையும் ஒப்புக்கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தார், பாவம்.

அம்மா காப்பிக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டு, வீட்டுப் பக்கக் கதவு வழியாகச் சரக்கறைக்குள் நுழைந்தேன். இருட்டில் சிப்பங்களைத் தடவித் தடவி வடக்கு மூலைக்குப் போனேன். நாக்கு வறண்டு அண்ணத்தில் ஒட்டவே இல்லை. எச்சிலைக் கூட்டி விழுங்கிக்கொண்டு கடைசிச் சிப்பத்தைத் தாண்டிக் காலை வைத்தேன்.

அங்கே அம்மா உட்கார்ந்திருந்தாள். கவிழ்த்துப் போட்ட தேயிலைப் பெட்டி ஒன்றின் மேல், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, தினமும் உட்காருகிற இடத்தில் உட்கார்ந்திருப்பது போல உட்கார்ந்திருந்தாள்.

"இங்க என்னடி பண்ற?" என்றாள் கிசுகிசுப்பாக. நானல்லவா கேட்டிருக்க வேண்டும்!

"பல்லி..." என்றேன்.

"தெரியும். மூணு நாளா கேட்டுக்கிட்டுத்தான இருக்கேன். அது பல்லி இல்லடி, மாட்டை அதட்டுற சத்தம். ஒங்கப்பாவா இருக்கக்கொண்டு நம்பினாரு."

அப்பாவின் பல்லி சொன்னதெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. குடிகாரன் ஒருவனோடு அப்பா கூட்டு வியாபாரம் போடக் கிளம்பியபோது தெற்கே கத்திய பல்லி. அம்மாவின் தம்பியைக் கடையில் சேர்க்கலாமா என்றதும் தேனாகச் சொன்ன பல்லி. பெண் பிள்ளைக்கு எதற்கு மிஷன் பள்ளிக்கூடம் என்று ஊரே சொன்னபோது, ஒரு திங்கட்கிழமை காலையில் கிழக்கே சொல்லி என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி வைத்த பல்லி. எல்லாம் இந்தப் பெட்டி மேல் உட்கார்ந்துதானா?

"எத்தனை வருஷமாம்மா?"

"நீ பொறக்குறதுக்கு முந்தியிருந்து. வாயத் தொறந்து சொன்னா பொம்பளைக்கு என்ன தெரியும்பாரு. பல்லி சொன்னா தட்டிக் கும்புட்டுக் கேக்குறாரு. நான் வேற என்ன பண்ணச் சொல்ற?"

பலகைக்கு அந்தப் பக்கம் அப்பா தொண்டையைச் செருமினார். "சொல்லும்மா தாயி" என்றார். "ஒன் வாயால ஒரு நல்ல வார்த்தை சொல்லு." இவ்வளவு மரியாதையாக அவர் எங்கள் அம்மாவிடம் பேசி நான் கேட்டதே கிடையாது. அம்மா முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பழகிப்போயிருக்க வேண்டும்.

அவள் என் மோவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"ஒனக்கு அவரு வேணுமா? ஒங்கப்பாவுக்காகவும் சொல்லாத, எனக்காகவும் சொல்லாத. வேணும்னா இங்கேருந்தே சொல்லிடுறேன். வேணாம்னா அந்தக் கோடிக்குப் போயி தெக்கால இருந்து சொல்றேன். ஊருக்காரரைக் கட்டச் சொல்வாரேன்னு பயப்படாத, அதுக்கும் ஒரு கெழமை வரும், பாத்துக்கலாம்."

பதினெட்டு வருஷத்தில் என்னை ஒருவர் வேணுமா வேணாமா என்று கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கருவாட்டு நாற்றத்தில் அழுதால் மூக்கை உறிஞ்சவும் முடியாது.

"வேணும்" என்றேன்.

அம்மா கன்னத்தை உள்ளே இழுத்தாள். ச்சு ச்சு ச்சு ச்சு. அடேயப்பா, என்ன சுத்தம்! பக்கத்தில் உட்கார்ந்து வாயைப் பார்த்துக்கொண்டிருந்த நானே கூரையை அண்ணாந்து பார்த்தேன்.

அந்தப் பக்கம் 'டொக் டொக் டொக்' என்றது. பெஞ்சு நகரும் சத்தம், பஞ்சாங்கம் புரளும் சத்தம், தாய்மாமன் "முருகா" என்று மூச்சு விடும் சத்தம். அப்பாவின் குரலில் கர்வம் வழிந்தது.

"வடக்கு! வெள்ளிக்கெழமை வடக்கு! இப்ப சொல்லுங்க தம்பி, பல்லிக்கு அறிவு இருக்கா இல்லையா?"

"இருக்குங்க மொதலாளி" என்றார் கிளாக்கர், ஒரு நொடிகூடத் தாமதிக்காமல். அதோடு விட்டாரா? தன் பங்குக்கு அவரும் பலகையில் மெதுவாக மூன்று தட்டுத் தட்டினார். பின்னாளில் நாங்கள் சேர்ந்து வாழ்ந்த காலமெல்லாம் அந்த மூன்று தட்டைச் சொல்லி நான் அவரைக் கிண்டல் செய்யாத மாதமே இல்லை.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து, சத்தம் வெளியே போகாமல் அம்மாவின் தோளில் வாயைப் புதைத்துக்கொண்டேன். அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். அந்தச் சந்தோஷத்தில், யோசிக்காமல் கேட்டுவிட்டேன்.

"அம்மா, ஒனக்கு அப்பாவைப் பேசுனப்ப யாரு பல்லியா இருந்தா?"

அம்மா எழுந்து சேலையில் ஒட்டிய செதிளைத் தட்டிவிட்டாள்.

"எனக்குச் சொன்னது நெசப் பல்லிடி" என்று சொல்லிவிட்டு, மாப்பிள்ளைக்குக் காப்பி ஆற்றப் போனாள்.